சங்கு ஊதியும் எழாத பிணம்

மாதவபுரி மகாராஜா சேந்தவர்மருக்கு நாடகம் என்றால் உயிர். தன் நாட்டின் பேர் கடல் தாண்டிப் போகவேண்டும் என்று ஒருநாள் ஆசை வந்தது. உடனே முரசு அறையச் சொன்னார். அயல்நாட்டு நாடகக் கூட்டம் எது வந்தாலும் சரி, கோட்டை இனாம், யானை இனாம், சோறு இனாம். செலவில் கால் பங்கைக் கஜானாவே திருப்பித் தரும்!

சபையில் இருந்த செங்கோடனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசியே அரண்மனை வரைக்கும் வந்த ஆள் அவன். கோபம்தான் முதலில் வரும். யோசனை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

"மகாராஜா, அத்தனையும் சும்மாவா? மேடையில இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் நம்ம ஆளுங்களா இருக்கணும்னு ஒரு வார்த்தை சேருங்க. நம்ம கூத்துக்காரனும் பிழைக்கட்டும்."

ராஜாவும் சேர்த்தார்.

கப்பல் வந்தது. மிராந்தா துரை தன் கூட்டத்தோடு இறங்கினார். துறைமுகம் துறைமுகமாகத் திரிந்தவர், தமிழ் சரளமாக வரும். ஒத்திகை தொடங்கிய சில நாளிலேயே கூத்துக்காரன் கொளஞ்சி செங்கோடன் வீட்டு வாசலில் வந்து நின்றான். ராஜா வேஷம் கட்டி அவன் ஒரு அதட்டல் போட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் வீறிட்டு அழும். அப்பேர்ப்பட்டவன் முகம் தொங்கிக் கிடந்தது.

"என்ன வேஷம்டா குடுத்தாரு?"

"பிணம்ண்ணே."

"சரி, சாகிறதுக்கு முன்னால?"

"முன்னால ஒண்ணுமில்லே. திரை தூக்கும்போதே செத்துக் கிடக்கிறோம். எங்களைச் சாகக்கூட விடலைண்ணே!"

"அத்தனை பேருமா?"

"அத்தனை பேரும். போர் முடிஞ்ச களமாம். தென்னாட்டு ராஜா வேஷத்துக்குத் துரையோட மச்சான். மூஞ்சியில கரியைக் குழைச்சுப் பூசிக்கிட்டு நிக்கிறான். எங்காளுங்க மனசு விட்டுட்டாங்க. இதுவும் போச்சுன்னா வேஷப் பெட்டியை வித்துட்டு உப்பளத்துக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

செங்கோடன் செருப்பைக்கூட மாட்டவில்லை. நேராகச் சபைக்கு ஓடினான். துரை அங்கேதான் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன துரை, எங்க ஆளுங்க உங்களுக்குப் பாயா? விரிச்சுப் போட்டிருக்கீங்க?"

துரை அசரவில்லை. "பாதிப் பேர் மேடையில இருக்காங்களா, இல்லையா? நிக்கணும்னு முரசுல சொன்னீங்களா? உங்க ஆளுங்களுக்கு நடிக்கத் தெரியாது ஐயா. நல்லாப் படுக்கத் தெரியுது. தெரிஞ்ச வேலையைத்தான் குடுத்திருக்கேன்."

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்ட வேகத்தைப் பார்த்து ராஜா கையமர்த்தினார். "பொறு செங்கோடா. துரை சொன்னதுல தப்பில்லை, வார்த்தை நான் குடுத்தது. ஒண்ணு செய். உன் ஆள் நடிகன்னு துரை வாயாலேயே நாளைக்குச் சபை முன்னால சொல்ல வை. அவன் கேட்கிற வேஷம் அவனுக்கு. முடியலைன்னா அந்த நிபந்தனையையே எடுத்துடறேன். உன் சண்டையை என்னால தாங்க முடியலை."

துரை சிரித்தபடி கையடித்தார். "சம்மதம்!"

"எனக்கும் சம்மதம்," என்றான் செங்கோடன். "மகாராஜா மட்டும் நாளைக்குக் கொஞ்சம் தாமதமா வரணும். அவ்வளவுதான்."

மாதவபுரியில் ஒரு வழக்கம். ராஜா வருகிறார் என்று சங்கு ஊதினால் குடிமக்கள் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து கும்பிட வேண்டும். பாதி மீசை மழித்தவன் பாதி மீசையோடு எழுவான். குளத்தில் குளிக்கிறவன் கதைதான் கொஞ்சம் சங்கடம். எழாதவனுக்குச் சவுக்கடி.

அன்றைக்கே செங்கோடன் கொளஞ்சியின் காதில் ஏதோ சொன்னான். கொளஞ்சி பதறினான். "ஐயோ, முதுகுத் தோல் உரிஞ்சிடுமேண்ணே!"

"உப்பளத்து வெயில்லயும் அதேதான்டா உரியும். எது வேணும்னு நீயே பார்த்துக்க."

மறுநாள் கோட்டை வெளி நிறையக் கூட்டம். திரை உயர்ந்தது. களமெங்கும் பிணங்கள், நெஞ்சில் அம்புகள். நடுவே துரையே தளபதியாக மண்டியிட்டுக் கதறினார். "ஐயோ, என் வீரர்களே! இனி எழவே மாட்டீர்களா?"

ஊதியது சங்கு.

சடசடவென்று பிணங்கள் எழுந்தன. நெஞ்சில் அம்போடு, கைகூப்பி, "மகாராஜா வாழ்க!" என்றன. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

துரைக்குக் கண்மண் தெரியவில்லை. "படுங்கடா! செத்தவங்க எழுந்திருப்பாங்களா? நாடகம் தெரியுமாடா உங்களுக்கு?" என்று குதித்தவர் சட்டென்று நின்றார். ஒரு பிணம் எழவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது. ஒரு தசை ஆடவில்லை.

"இதோ! இவன் நடிகன்! என் கப்பல்லகூட இப்படி ஒருத்தன் இல்லை!"

அப்புறம்தான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது. செங்கோடன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

ராஜாவின் புருவம் நெரிந்தது. "அது இருக்கட்டும். நான் வந்தும் இவன் எழலையே? எங்கே சவுக்கு?"

துரை குறுக்கே பாய்ந்தார். "வேண்டாம் மகாராஜா! செத்தவன் எப்படி எழுவான்? உங்க நாட்டோட முதல்தரமான நடிகன் இவன். அடிச்சுடாதீங்க!"

"ரெண்டாவது தடவையும் சொல்லிட்டாரு," என்றான் செங்கோடன், யாரிடமோ சொல்வதுபோல.

ராஜாவுக்கு இப்போதுதான் புரிந்தது. மீசைக்குள் சிரித்தபடி, தன் கழுத்து முத்துமாலையைச் செங்கோடன் பக்கம் வீசினார். "எழுந்திரு கொளஞ்சி. என்ன வேஷம் வேணும், கேள்."

கொளஞ்சி எழுந்தான். முதலில் அந்த ஈயை விரட்டினான். பிறகு கும்பிட்டான்.

"ராஜா வேஷம், மகாராஜா."

"ஏன் அந்த வேஷம்?"

"அதுல இருந்தாத்தான் சங்கு ஊதினாலும் பயமில்லாம உட்கார்ந்திருக்கலாம்."