ஆறாக உட்கார்ந்த ராயர்

கருநெல்லியாறு பாயும் சீமையை உலகுடைய ராயர் என்று ஒருவர் ஆண்டுவந்தார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவருடைய மொத்த உலகத்தையும் சுற்றிவிட்டு வந்துவிடலாம். நிலத்தில் இருந்த குறையை அவர் மரியாதையில் ஈடுகட்டிக்கொண்டார். அவர் தும்மினால்கூட நான்கு பேர் எழுந்து நிற்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டன்று அந்த ஊரில் ஆற்றுக்குத் திருவிழா. தெருவுக்கு ஒரு கூட்டம் கரகம், கும்மி, கூத்து என்று கரைக்கு வந்துவிடும். ஆடுகிறவர்கள் ஆற்றைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். ஜனங்கள் பின்னால் உட்கார்ந்து அவர்கள் முதுகைப் பார்த்து ரசித்துக்கொள்ள வேண்டியதுதான். விழா ஆற்றுக்கு, நமக்கா? வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் முதல் மரியாதையும் ஆற்றுக்கே.

ராயர் வருஷா வருஷம் சாயங்காலம் வந்து கூத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். காலையில் கரையில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. வழுக்கைத் தலை மந்திரி தீர்க்கலிங்கத்துக்கும் தெரியாது. மந்திரிக்குத் தெரிந்தது வத்தி வைக்கும் தொழில் ஒன்றுதான்.

"பறையடிக்கிற செங்கோடன் தங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடிக்கிறான். தாங்கள் இருக்கும்போது ஆற்றுக்கு எதற்கு முதல் மரியாதை?" என்று ராயரின் காதில் ஓதினார்.

ராயருக்குச் சுருக்கென்றது. செங்கோடனை வரவழைத்து, இந்த வருஷம் தன்னைப் பார்த்து அடிக்கச் சொன்னார். செங்கோடனுக்குப் பயம்தான். ஆனால் மறைக்கவில்லை.

"சாமி, ஏழு தலைமுறையா தண்ணியப் பாத்துத்தான் அடிக்கிறோம். திரும்பி நின்னா எங்கையி ஓடாது."

"ஓடாவிட்டால் பறையை இங்கே வைத்துவிட்டுக் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டி ஓடு" என்றார் ராயர்.

பாவம், அவனுக்கு அந்தப் பறையை விட்டால் வேறு சொத்தில்லை. சபையிலிருந்து அரண்மனை விகடகவி எட்டியப்பன் எழுந்தான்.

"மகாராஜா சொல்வதுதான் நியாயம். இந்த வருஷம் தாங்களே ஆறு. ஆனால் ஒரு சந்தேகம். வெற்றிலைத் தட்டு மட்டும் போதுமா?"

"ஆற்றுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் எனக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தலை உருளும்."

எட்டியப்பன் அதை அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வாங்கிக்கொண்டான். அன்று மாலையே ஊரெல்லாம் தண்டோராவும் போட்டுவிட்டான். எல்லோரும் ராஜா உத்தரவைக் கேட்டுப் பயந்தார்கள். பிறகு யோசித்தார்கள். பிறகு ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள்.

பதினெட்டாம் தேதி விடிந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் சிம்மாசனம் போட்டு ராயர் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டு வந்தது. மீசையை முறுக்கிக்கொண்டார்.

அடுத்து, அந்த வருஷம் கல்யாணமான நாற்பது ஜோடிகள் வந்தார்கள். பத்திரமாக வைத்திருந்த கல்யாண மாலைகளை ஆற்றில் விடுவது வழக்கமாயிற்றே! காய்ந்து கருகிய எண்பது மாலைகளையும் ராயர் மேல் போட்டார்கள். கிரீடத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"இது என்னடா?" என்று மாலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தங்களுக்கு உரியது, மகாராஜா" என்றான் எட்டியப்பன்.

பிறகு முளைப்பாரி வந்தது. ஒன்பது சட்டி முளையை மண்ணோடு அவர் மடியில் கவிழ்த்தார்கள். பின்னாலேயே பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். மண் சேறாயிற்று. ஒரு கிழவர் தன் இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து, ராயர் மேல் உரசவிட்டு, "நல்லா முங்குங்கடி" என்றார்.

மந்திரி பதறிக்கொண்டு ஓடிவந்து, "நிறுத்துங்கள்" என்று கத்தினார்.

எட்டியப்பன் அவர் தோளைப் பிடித்து ராயரின் காலடியில் உட்கார வைத்தான். "நல்ல நேரத்தில் வந்தீர்கள். ஆறு இருக்கிறது, படித்துறை இல்லையே என்று பெண்கள் தவிக்கிறார்கள். ஆற்றுக்கு உள்ளது ஒன்றும் குறையக் கூடாது என்று ஓலை சொல்கிறது."

அவ்வளவுதான். ஒருத்தி மந்திரியின் தோளில் குதிகாலைத் தேய்த்தாள். இன்னொருத்தி அந்த வழுக்கையைப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், இடுப்பிலிருந்து மஞ்சள் கிழங்கை எடுத்து உரைக்க ஆரம்பித்தாள்.

"நம்ம பழைய கல்லுக்கு இது தேவல, அக்கா" என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சிபாரிசும் செய்தாள். பின்னால் வரிசை நின்றது.

ராயர் பல்லைக் கடித்தார். எழுந்தால் மானம் போகும், இருந்தால் தோல் போகும். "எட்டியப்பா, இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒன்றே ஒன்றுதான். பார்த்தீர்களா, ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. மூவாயிரம் பேர். இப்போது அவர்கள் எல்லோரும் தங்கள்மேல் குதித்து நீந்த வேண்டும்."

ராயர் கூட்டத்தைப் பார்த்தார். முன் வரிசையில் கொல்லுப்பட்டறைக்காரர்கள் கோவணத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கணம் மாலையும் சேறும் பறக்க எழுந்து, சிம்மாசனத்தை விட்டு ஓடி, ஜனங்களின் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மடியில் முளைத்திருந்த பயற்றைக் குனிந்து பார்த்தார். தன்னைத் தானே பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மஞ்சள் சொட்டும் தன் சால்வையைக் கழற்றி எட்டியப்பனுக்குப் போர்த்தினார்.

செங்கோடன் மட்டும் பறையோடு கரையில் தவித்தான். ஆற்றைப் பார்த்தால் பறை போகும், ராஜாவைப் பார்த்தால் கை போகும். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ராயரைப் பரிதாபமாகப் பார்த்தான். மூவாயிரம் பேரும் அவனோடு சேர்ந்து ராயர் பக்கம் திரும்பினார்கள்.

ராயருக்கு வியர்த்தது.

"அட, ஏன்டா என்னைப் பார்க்கிறாய்? புண்ணியமாகப் போகும், முதுகைக் காட்டடா!"