கிளிப்பச்சைச் சேலையும் மூன்று டவுசர்களும்

கோணப்புளியூரில் மூளையைத் தவிர எல்லாம் விளையும். வெண்டைக்காயும் மிளகாயும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போகும். அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். தலைவர் தங்கப்பழம். அவர் சொல்வதற்குத் தலையாட்ட உச்சிமாகாளி. உச்சிமாகாளி தலையாட்டுவதற்குத் தலையாட்ட சப்பாணிமுத்து. மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. வாழ்க்கையில் அவர்கள் தாண்டியது அது ஒன்றைத்தான்.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு டவுனிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். "வயதுக்கேற்ற உடை உடுத்துவதே மானமுள்ள ஊருக்கு அழகு" என்று மைக்கில் முழங்கிவிட்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வேறு ஊராயிருந்தால் கைதட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இங்கே மறுநாளே பஞ்சாயத்து கூடியது.

"அஞ்சு வயசு வரைக்கும் இடுப்புல அரைஞாண் கயிறு போதும்" என்று தொடங்கினார் தங்கப்பழம். "அதுக்கு மேல பத்து வரைக்கும் பையனுக்கு டவுசர், பொம்பளப் பிள்ளைக்குப் பாவாடை. இருபது வயசுக்காரிக்குப் பச்சை, மஞ்சள், ரோஸ். நாப்பதுக்குக் காப்பிப்பொடி கலர். அம்பதுக்குச் சாம்பல்."

"எண்பதுக்கு?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"கோடித்துணி. எப்படியும் போத்தப்போறதுதானவே, இப்பமே கட்டிப் பழகட்டும்."

"ஆம்பளைக்கு?"

"பத்துக்கு மேல வேட்டி."

"எந்த வயசு வரைக்கும்?"

"ஆம்பளைக்கு ஏதுவே வயசு?"

அந்தச் சொல்லின் ஆழத்தில் மூவரும் சற்று நேரம் மூழ்கிக் கிடந்தார்கள். கரையேறியதும் தண்டோரா போடச் சொன்னார்கள்.

தண்டோரா காதில் விழுந்தபோது வள்ளிமயிலின் மடியில் ஒரு கிளிப்பச்சைச் சேலை இருந்தது. அவளுக்கு வயது ஐம்பது. இருபது வயதில் கேட்ட சேலை அது. அப்பா அடுத்த பொங்கலுக்கு ஆகட்டும் என்றார். கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியார், பிள்ளை பிறக்கட்டும் என்றாள். பிள்ளை பிறந்ததும் புருஷன் பால்துரை, மழை பெய்யட்டும் என்றான். மழையும் பெய்து, பிள்ளையும் வளர்ந்து மீசை வைத்த பிறகு, மிளகாய் விற்ற காசில் அவளே போய் வாங்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போனால் கிளிப்பச்சையில் போவது, இல்லையென்றால் போகவே வேண்டாம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலமே வெள்ளோட்டம் பார்க்க அதைக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குடம் நிறையுமுன் பஞ்சாயத்து வந்துவிட்டது.

"மயினி, இது இருபது வயசுக்காரி சேலை" என்றார் தங்கப்பழம். "உங்களுக்கு அம்பது."

வள்ளிமயில் குடத்தை நகர்த்தி வைத்தாள். "அண்ணாச்சி, பச்சை கட்டினா என்ன வயசு?"

"இருபது."

"நான் என்ன கட்டியிருக்கேன்?"

"பச்சை."

"அப்ப எனக்கு என்ன வயசு?"

உச்சிமாகாளி விரல்விட்டு எண்ணினார். சப்பாணிமுத்து அந்த விரல்களை எண்ணினார்.

"எப்படிக் கூட்டினாலும் இருபதுதான்வே வருது" என்றார் உச்சிமாகாளி.

"பின்ன நான் எந்தச் சட்டத்தை மீறினேன்?"

"எதையும் மீறலை. நீ போ பிள்ளை" என்றார் தங்கப்பழம். 'நீங்க' ஒரே நொடியில் 'நீ' ஆகிவிட்டது. வயது குறைந்தால் மரியாதை இருக்குமா?

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அவள் மகனுக்கு இருபத்தாறு வயது என்று யாரோ ஞாபகப்படுத்திவிட்டார்கள். மறுபடி பஞ்சாயத்து.

"மகன் பிறந்து ஆறு வருஷம் கழிச்சு ஆத்தா பிறந்திருக்கா" என்றார் உச்சிமாகாளி.

"அது வரைக்கும் பிள்ளைக்குப் பால் யாரு குடுத்தா?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"அப்பல்லாம் ஊர்ல மாடு நிறைய கிடந்துச்சுல்லா."

அது சரியாகத்தான் பட்டது. அடுத்து பால்துரையைக் கூப்பிட்டார்கள். "ஏவே, முப்பது வருஷத்துக்கு முன்னால நீரு தாலி கட்டும்போது இவ பிறக்கவே இல்லை. பின்ன யாரு கழுத்துல கட்டினீரு?"

பால்துரை நெடுநேரம் யோசித்தான். "அவ தலை குனிஞ்சிருந்தா அண்ணாச்சி. நானும் முகத்தைப் பாக்கலை."

வள்ளிமயில் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரிந்த சேதிதான். அதை ஊர் நடுவில் சொல்வான் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

அன்று தங்கப்பழம் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். "ஒரு சேலையில முப்பது வயசு இறங்கும்னா, நாம எதுக்குவே முட்டுவலியோட கிடக்கணும்?"

தையல்காரர் அளவெடுத்தார். மூன்று நீல டவுசர், நாடா வைத்து. மூவருக்கும் எட்டு வயது ஆனது. முட்டுவலி மட்டும் அப்படியே இருந்தது. "வலிக்கு இன்னும் தகவல் போய்ச் சேரலை" என்றார் உச்சிமாகாளி.

சாம்பல் கலர் சேலை கட்டிய அவர்கள் மனைவிமார், எட்டு வயசுக்கு இது போதும் என்று காலையில் ஆளுக்கொரு இட்லி வைத்தார்கள். காப்பி கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைங்க காப்பி குடிக்கப்படாது" என்று பதில் வந்தது. பெண்களுக்குச் சட்டம் புரிந்துவிட்டால் எவ்வளவு ஆபத்து பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை வள்ளிமயில் கிளிப்பச்சையில், தலை நிறையப் பூவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பக்கத்தில் பால்துரை. எதிரே பசியில் வாடிய மூன்று டவுசர்கள் வந்து நின்றன.

"அக்கா" என்றார் தங்கப்பழம். "எங்களுக்கு வேட்டி வேணும்."

"பத்து வயசுக்கு மேலதானடே வேட்டி? ரெண்டு வருஷம் பொறுங்க."

"சட்டத்தை மாத்திருவோம்க்கா."

"யாரு மாத்த? பஞ்சாயத்துல பெரியவங்க யாரு இருக்கா? மூணும் டவுசர்."

"ஆமால்லா!" தங்கப்பழத்துக்குக் கண் கலங்கியது.

பால்துரைக்குப் பாவமாக இருந்தது. "அண்ணாச்சி, டவுசரைக் கழட்டிட்டு வேட்டியை எடுத்துக் கட்டினாப் போச்சு."

"எட்டு வயசுல வேட்டி கட்டினா ஊர் என்னவே பேசும்?" என்று மூவரும் ஒரே குரலில் சீறினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணச் சாப்பாட்டுக்காவது கூட்டிட்டுப் போக்கா" என்றார்கள்.

வள்ளிமயில் சிரிப்பை முந்தானையில் ஒளித்துக்கொண்டு, "சரி, ஏறுங்க. கையை வெளியில நீட்டப்படாது" என்றாள்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் வந்தார். நரைத்த நெஞ்சையும் நீல டவுசரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு முழு டிக்கெட்."

"எட்டு வயசுக்கு அரை டிக்கெட்தான்" என்றார் சப்பாணிமுத்து.

"எட்டா?" கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்தார். "அஞ்சுக்குக் கீழன்னு சொல்லுங்களேன், டிக்கெட்டே வேண்டாம். மடியில வச்சுக்கிட்டுப் போயிரலாம்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று தலைகளும் ஒன்றுகூடின. கோணப்புளியூர்ப் பஞ்சாயத்து அந்த பஸ்ஸிலேயே நடந்தது.

"அஞ்சுக்குக் கீழ என்ன உடுப்புவே?"

"அரைஞாண் கயிறு."

"இருக்கா?"

மூவரும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இருந்தது. மூன்று கைகள் மூன்று நாடாக்களுக்குப் போயின.

"ஐயோ, வண்டியை நிறுத்துங்க!" என்று கண்டக்டர் அலறினார். விசில் அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. வள்ளிமயில் புதுச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கினாள்.

தங்கப்பழத்தின் டவுசர் முதலில் விழுந்தது. அவர் இரண்டு கைகளையும் தூக்கி நீட்டினார்.

"அக்கா, தூக்கு!"