பின்னால் ஓடிய படகு

"கணக்கு முடிஞ்சிடுச்சு அம்மா. ஆனா அது பொய் சொல்லுது" என்றான் சேந்தன்.

அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கணக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப உலகம் பொய் சொல்லுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சேந்தன் அக்கரையில் துணிக்கடை வைத்திருந்தவன். ஓர் ஐப்பசி மாதம், அவன் மனைவி தையல்நாயகி உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகப் படகு ஏறினாள். அவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.

"விதி" என்றார்கள் சொந்தக்காரர்கள். "போன பிறவிப் பாவம்" என்றார் ஒரு சாமியார். "காத்துய்யா, நான் என்ன பண்ண?" என்று அழுதான் படகுக்காரன்.

எதுவும் சேந்தனுக்குள் இறங்கவில்லை. யாராலும் மறுத்துப் பேச முடியாத ஒரு பதில் அவனுக்கு வேண்டியிருந்தது.

இக்கரையில் உமையாள் என்று ஒருத்தி இருக்கிறாள், விழுகிற கல்லையும் ஓடுகிற தண்ணீரையும் கணக்கு போட்டே விளக்கிவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். கடையை மூடினான். பேச்சுகூடத் திருந்தாத மகளைக் கொழுந்தியாள் வீட்டில் விட்டான். படகில் கால் வைக்க மனம் வராமல், மேற்கே அணைக்கட்டு வரைக்கும் நடந்து, ஆற்றைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

உமையாள் அவனைவிட வயதில் சிறியவள்.

"எதுக்காகக் கத்துக்கணும்?" என்று கேட்டாள்.

"ஒரு படகு ஏன் கவிழ்ந்ததுன்னு தெரியணும்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாளே பாடம் தொடங்கியது.

வருஷங்கள் போயின. ஆறு கடந்து வருகிறவர்களிடம் மகள் சொல்லி அனுப்புவாள்: அப்பா எப்ப வருவார்?

"கணக்கு முடிஞ்சதும்னு சொல்லுங்க" என்பான் சேந்தன்.

இப்போது முடிந்திருந்தது.

"என்ன பொய் சொல்லுது?" என்றாள் உமையாள்.

அவளைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனான். தரை முழுக்க மணல் பரப்பி, மணல் முழுக்க எழுதி வைத்திருந்தான்.

"படகு ஏன் கவிழ்ந்ததுன்னு கண்டுபிடிச்சிட்டேன். சுமை, காத்து, ஓட்டம், யார் எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க, எல்லாம் இதுல இருக்கு. கவிழாம இருந்திருக்கவே முடியாது."

"கேட்டது கிடைச்சிடுச்சே."

"கிடைச்சிடுச்சு. அதோட நிறுத்தியிருக்கணும். நான் காலத்தைத் திருப்பிப் போட்டேன்."

"பின்னாலயா?"

"பின்னால. கணக்கு ஒரு வார்த்தை மறுக்கல அம்மா. ஒரு துளி அடுத்த துளியைத் தள்ளுற விதி, திருப்பிப் போட்டாலும் அதே விதியாத்தான் இருக்கு. கவிழ்ந்த படகு நிமிருது. தண்ணிக்குள்ள இருந்து அவ மேல வர்றா. புடவை நனைஞ்சது காஞ்சு, அந்தத் தண்ணி ஆத்துக்கே திரும்பிப் போகுது. படகு பின்னாலயே நகர்ந்து கரைக்கு வருது. அவ இறங்கி என் பக்கத்துல வந்து நிக்கிறா."

அவன் குனிந்து மணலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான்.

"எங்கயும் பிழை இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். இது சரின்னா, அவ ஏன் வரல?"

உமையாள் மணலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து படித்தாள். ஒவ்வொரு படியையும் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். கூரை நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று. சேந்தன் தீர்ப்புக்குக் காத்திருப்பவனைப் போல நின்றுகொண்டே இருந்தான்.

"பிழை இல்லை" என்றாள்.

"அப்ப ஏன் வரல?"

"மேட்டுல நின்னு கல்லெறியுற கணக்கு ஒண்ணு கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கல் எப்பத் தரையில விழும்னு கேட்டீங்க. ரெண்டு விடை வந்துச்சு. ஒண்ணு எறிஞ்சதுக்கு அப்புறம். இன்னொண்ணு எறியறதுக்கு முன்னாடி."

"ரெண்டாவதை என்ன பண்ணினீங்க?"

"அழிச்சேன்."

"கணக்கா அழிக்கச் சொல்லிச்சு?"

சேந்தன் யோசித்தான்.

"இல்லை. கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"பின்னே எப்படி அழிச்சீங்க?"

"எறியாத கல் விழாது. அது எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பார்த்திருக்கேன்."

உமையாள் மணலில் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் எங்கே கூட்டிப் போகிறாள் என்பது சேந்தனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"அப்ப இதையும் அழிக்கச் சொல்றீங்க."

"நான் சொல்லல."

"கணக்கு ரெண்டு பக்கமும் போகுது. உலகம் மட்டும் ஏன் ஒரே பக்கம் போகுது? அதைச் சொல்லுங்க."

"உங்க கணக்குல அது இல்லை. என் கணக்குலயும் இல்லை. நானும் தேடினவதான்."

"கணக்குல இல்லாட்டிப் போகட்டும். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்துட்டு இப்பத் தெரியாதுங்கறீங்களா?"

"தெரிஞ்சதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அவள் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"படகு கவிழ்ந்ததுக்கு அப்புறம், கணக்கை முன்னால ஓட்டிப் பார்த்தீங்களா?"

"அதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சேந்தன் கொட்டகையை விட்டு வெளியே வருவது குறைந்தது. விடிந்ததும் மணலைச் சமன் செய்வான். கடைசியிலிருந்து தொடங்குவான். படகு நிமிரும். தையல்நாயகி தண்ணீரிலிருந்து எழுந்து வருவாள். முதலில் தலை, பிறகு தோள், பிறகு விளிம்பைப் பற்றிய கை.

கொஞ்சம் கொஞ்சமாக அதை மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டான். ஒரே நாளில் அவளைக் கரைக்குக் கொண்டுவந்தால், மிச்சப் பொழுதுக்கு என்ன செய்வது? காலையில் அவள் நிமிர்ந்தால், கரையை நெருங்க மாலையாகும். அவள் இறங்கும் இடம் வந்ததும் விரலை எடுத்துவிடுவான். அழித்துவிட்டு, மறுபடியும் ஆற்றின் நடுவிலிருந்து தொடங்குவான்.

சோறு வைத்த தட்டில் எறும்பு ஊர்ந்தது. தாடி மார்பைத் தொட்டது. மழை பிடித்து, ஆறு பெருகி, அதன் இரைச்சல் கொட்டகைக்குள் கேட்டது. அவன் காதில் அது விழவில்லை. அவனுடைய ஆறு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

உமையாள் தடுக்கவில்லை. சந்தைக்கு அக்கரை போகிற ஒருத்தியிடம் மட்டும் ஏதோ சொல்லி அனுப்பினாள்.

மழை விட்ட ஒரு காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு சின்ன மணற்பலகை.

"வாங்க. படித்துறைக்குப் போகலாம்."

"அங்க நான் வர்றதில்லை."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கூப்பிட்டது வேறு யாராக இருந்தாலும் போயிருக்க மாட்டான். போனான். படித்துறையின் மேல்படியிலேயே, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அவள் பலகையை அவன் மடியில் வைத்தாள்.

"ஒரு கணக்கு. நடு ஆத்துல ஒரு படகு வருது. கவிழுமா?"

"எத்தனை பேர்?"

"நீங்களே பாருங்க."

சேந்தன் தயங்கித் திரும்பினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஆற்றைப் பார்த்தான். செந்நிறமாகப் புரண்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு படகு. ஆட்களை எண்ணினான். ஓட்டத்தைப் பார்த்தான். விரல் மணலில் ஓடியது. அவன் கெட்டிக்காரன். சீக்கிரமே விடை வந்துவிட்டது.

"காத்து இப்படியே இருந்தா கவிழாது."

"இப்படியே இருக்குமா?"

"அதை எப்படி…"

கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ கத்தினார்கள்.

"உங்க மக அமிர்தம் அதுலதான் வர்றா" என்றாள் உமையாள்.

பலகை படிகளில் உருண்டு விழுந்தது. சேந்தன் தண்ணீரில் இருந்தான். முழங்கால். இடுப்பு. மார்பு. தனக்கும் நீச்சல் தெரியாது என்பது அவனுக்கு நினைவுக்கு வரவேயில்லை. ஓட்டம் காலை இழுத்தது. வாய்க்குள் தண்ணீர் போயிற்று. அவன் கையை முன்னால் நீட்டிக்கொண்டே போனான்.

காற்று அடங்கியது. படகு ஆடி ஆடி நிமிர்ந்து, படித்துறைக்கு நேராக வந்தது.

"யாருய்யா அது குறுக்க? தள்ளிப் போ! இடிச்சிடும்!" என்று படகுக்காரன் கூச்சல் போட்டான்.

சேந்தன் நகரவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். துடுப்பால் முதுகில் ஒரு தட்டு தட்டியும் விடவில்லை. அது படியில் முட்டி நின்ற பிறகுதான் விட்டான்.

மற்றவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். கடைசியாக இறங்கினாள் ஓர் இளம்பெண். தாடியும் ஈரமுமாக நின்ற ஆளைப் பார்த்தாள். ஒதுங்கிப் போகப் பார்த்தவள், நின்றாள்.

"நீங்க…"

"சேந்தன்" என்றான் அவன், முன்பின் தெரியாத ஒருவரிடம் பெயர் சொல்வதைப் போல.

"அப்பா" என்றாள் அவள். அந்த வார்த்தை அவள் வாய்க்குப் புதிதாக இருந்தது.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். அவன் மேல்துண்டை வாங்கி அவள் பிழிந்தாள். கொஞ்ச நேரம் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"கணக்கு முடிஞ்சதும் வர்றேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"முடிஞ்சிடுச்சா?"

"ஒரு இடத்துக்கு மேல அது போகலம்மா."

அவள் தலையாட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணு தெரியணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

சேந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். படகு ஏன் கவிழ்ந்தது என்று கேட்கப்போகிறாள். அதற்கு அவனிடம் பதில் இருந்தது. சுமை, காற்று, ஓட்டம், எல்லாம் நாக்கில் வந்து வரிசையாக நின்றன.

"நான் சிரிச்சா அம்மா மாதிரியே இருக்குன்னு சித்தி சொல்றா" என்றாள் அமிர்தம். "எனக்கு அம்மா முகமே ஞாபகம் இல்லை. நிஜமாப்பா?"

சேந்தன் கண்ணில் வழிந்த ஆற்றுத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்தான். மகளின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"எங்கே, ஒரு தடவை சிரி" என்றான்.