வெள்ளைக் கொடித்துண்டு

ஒரு காட்டில், ஓடை திரும்பும் இடத்தில், ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி கொடி வளர்த்துவந்தது. சாதாரணக் கொடி இல்லை, குழந்தைகளே. ஒவ்வோர் இலையிலும் பாதி பச்சை, பாதி வெள்ளை. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ விலங்குகள் வரும். யாராவது புகழ்ந்தால் ஈட்டியப்பனின் முட்கள் தாமாகவே சிலிர்த்துக்கொள்ளும். புகழாமல் போனாலோ, அன்றைக்கு அதற்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் ஈட்டியப்பனிடம் ஒரு கொடித்துண்டு வாங்கி, தங்கள் வாசலில் நட வேண்டும். அது துளிர்த்து மூன்று இலை விட்டால்தான் பொதுத் தோட்டத்தில் விதைக்கலாம். துண்டு பட்டுப்போனால், "இது ராசியில்லாத கை" என்று சொல்லி, அடுத்த மழைக்காலம் வரை விதையைத் தொட விடமாட்டார்கள். விதைக்காதவர்களுக்கு விளைச்சலில் பங்கும் கிடையாது.

ஒரு வருடம், மழைக்கு முன்னால், செவ்வந்தி என்ற முயல் துண்டு கேட்டு வந்தது. புதிதாக வளை தோண்டியிருந்த முயல் அது. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டும் சுபாவம்.

அந்த வருடம் ஈட்டியப்பனின் கொடியில் இரண்டு கிளைகள், பச்சை ஒரு துளியும் இல்லாமல், வெள்ளைவெளேரென்று வளர்ந்திருந்தன.

"இப்படி ஒரு வெள்ளையை நான் எந்தக் காட்டிலும் பார்த்ததில்லை" என்றது கிளையில் உட்கார்ந்திருந்த மைனா. மைனா ஒன்றைச் சொன்னால் காடு முழுவதும் சொன்ன மாதிரி.

ஈட்டியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே ஒரு வெள்ளைக் கிளையைப் பல்லால் நறுக்கி முயலிடம் நீட்டியது.

"மாமா, எனக்குப் பச்சை கலந்த துண்டே போதும். அம்மா வீட்டு வாசலில் இருப்பதும் அதுதான்" என்றது செவ்வந்தி.

"பச்சை எல்லார் வாசலிலும் இருக்கிறது. இதை வாங்கிக்கொள். உன் வாசலைப் பார்க்கிறவர்கள் என் பேரைச் சொல்ல வேண்டும்."

செவ்வந்தி வாங்கிக்கொண்டது. இன்னொரு வெள்ளைக் கிளையை நறுக்கி, ஈட்டியப்பன் தன் வாசலில் நட்டுக்கொண்டது.

செவ்வந்தி ஓடைக்கும் வளைக்குமாக நடந்து, வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. ஆடு மேயாமல் சுற்றிலும் முள் வைத்தது. துண்டு வேர் விட்டது. சின்னதாக ஒரு வெள்ளை இலையும் வந்தது. அதோடு சரி. இலையின் ஓரம் பழுப்பானது, தண்டு துவண்டது, பத்தே நாளில் பட்டுப்போயிற்று.

அதே வாரம் ஈட்டியப்பன் வாசலில் இருந்த துண்டும் பட்டுப்போயிற்று. ஈட்டியப்பன் அதைப் பிடுங்கி, வளைக்குப் பின்னால் புதைத்து, மேலே சருகை இழுத்து மூடியது. யாரும் பார்க்கவில்லை.

பொதுத் தோட்டத்துக்குத் தலைவர் ஒரு காட்டுப்பன்றி. அதற்குச் சட்டம் என்றால் சட்டம்தான். அது விசாரிக்க வந்தது.

"ஈட்டியப்பா, முயலுக்குக் கொடுத்த துண்டில் ஏதாவது குறை இருந்ததா?"

மேலே மைனா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஈட்டியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"என் துண்டிலா? தண்ணீரை அளவில்லாமல் ஊற்றியிருப்பாள். கை சரியில்லை."

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் செவ்வந்தியின் கை காடெங்கும் பேச்சாகிவிட்டது.

மறுநாள் ஈட்டியப்பன் கொடியருகே போனது. ஒரு கம்பளிப்புழு இலையின் பச்சைப் பாதியை மட்டும் தின்றுவிட்டு, வெள்ளைப் பாதியை அப்படியே விட்டிருந்தது.

"அதை ஏன் மிச்சம் வைத்தாய்?" என்று கேட்டது ஈட்டியப்பன்.

"அதில் என்ன இருக்கிறது தின்ன? பச்சைதான் வெயிலை வாங்கிச் சமைக்கும். வெள்ளை சும்மா உட்கார்ந்து சாப்பிடும். பக்கத்தில் பச்சை இருக்கிறவரை அதன் பிழைப்பு ஓடும்" என்றது, தின்பதைத் தவிர வேறெதிலும் அக்கறை இல்லாத அந்தப் புழு.

"அப்படியென்றால் வெள்ளையை மட்டும் தனியாக வெட்டி நட்டால்?"

"யார் நட்டாலும் பட்டினிதான்."

ஈட்டியப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'கொடி வளர்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கிறார்கள். இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?' என்று நினைத்து, இரண்டு நாள் வளையை விட்டே வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் விதைப்பு. விதை மூட்டையோடு ஈட்டியப்பன் கிளம்பியபோது, வழியில் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தது. இப்போது அதன் வயிறு நிறையக் குட்டிகள். முன்கால்கள் இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தன.

"கையில் என்ன?" என்று கேட்டது ஈட்டியப்பன்.

"சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மாமா. தேய்த்தால் கை சரியாகும் என்று மைனா சொன்னது" என்றது செவ்வந்தி. "நீங்கள் ஆசையாகக் கொடுத்த துண்டை நான் கெடுத்துவிட்டேன். என்ன தப்புச் செய்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த வருடமாவது என் குட்டிகளுக்கு ஒரு பங்கு கிடைக்கட்டும்."

ஈட்டியப்பனால் அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சிவந்த கால்களைப் பார்த்தது. பிறகு திரும்பி, வளைக்குப் பின்னால் ஓடியது. சருகை விலக்கி, மண்ணைப் பறித்து, புதைத்த துண்டை வெளியே எடுத்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு நேரே பொதுத் தோட்டத்துக்குப் போய், எல்லார் நடுவிலும் போட்டது.

"இது என் வாசலில் நான் நட்டது. இதுவும் பட்டுப்போயிற்று. குறை துண்டில்தான் இருந்தது. பச்சை இல்லாத துண்டு, யார் நட்டாலும் பட்டினி கிடந்துதான் சாகும். பச்சை கேட்டவளுக்கு என் பெருமைக்காக வெள்ளையைக் கொடுத்தேன். பிறகு பழியையும் அவள் தலையில் போட்டேன்."

 மைனா கிளையிலிருந்து இறங்கி வந்து அந்தத் துண்டைப் பார்த்தது.

"அன்றைக்கே கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்றது காட்டுப்பன்றி.

"வெட்கமாக இருந்தது."

"இப்போது?"

"அதைவிட வெட்கமாக இருக்கிறது."

காட்டுப்பன்றி செவ்வந்தியை அழைத்து வரச் சொன்னது.

"மூன்று இலை வரவில்லையே, சட்டம் என்னாவது?" என்று மைனா இழுத்தது.

"கை எப்படி என்று பார்க்கத்தான் சட்டம். பட்டினி கிடந்த துண்டையும் வேர் விட வைத்த கை இது. முதல் விதையை அவளே போடட்டும்" என்றது காட்டுப்பன்றி.

ஈட்டியப்பன் தன் விதை மூட்டையைச் செவ்வந்தியின் பக்கம் நகர்த்திவிட்டு, கூட்டத்தின் கடைசியில் போய் நின்றது. அதன் முட்கள் எல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தன.

அதற்குப் பிறகும் காட்டில் புதுக்குடித்தனங்கள் வந்தன. துண்டு கேட்டு யார் வந்தாலும், ஈட்டியப்பன் பச்சை நிறைய உள்ள கிளையாகப் பார்த்து நறுக்கும். கொடுப்பதற்கு முன்னால், தான் செவ்வந்திக்குச் செய்ததைத் தானே சொல்லும். சொல்லும்போதெல்லாம் அதற்கு நாக்கு குழறும். ஆனாலும் சொல்லாமல் ஒரு துண்டும் கொடுத்ததில்லை.

நீதி: நம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் பெயரைக் கெடுக்கக் கூடாது.