ஏத்தத்துல மூச்சு, இறக்கத்துல முட்டி

ஒரு ஊர்ல ஒரு மலை... இல்ல இல்ல, தப்பு. ஒரு மலையில ஒரு ஊரு. கொல்லிமலை இருக்குல்ல, அதுல ஒரு ஓரமா, மேகம் வந்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுப் போற மாதிரி ஒரு ஊரு. அந்த ஊர்ல பாவாயின்னு ஒருத்தி இருந்தா. "ம்" கொட்டு கண்ணு. ம் இல்லேன்னா பெரிம்மாவுக்குக் கதை நகராது, சொல்லிட்டேன்.

ம்.

அந்தப் பாவாயிக்கு ஒரு பலாத்தோப்பு. அவ ஆத்தா வச்சுட்டுப் போன தோப்பு. வைகாசி வந்துட்டா போதும், மரத்துல இடமில்லாம வேருல கூட காய் தொங்கும். வாசனைன்னா அப்படி ஒரு வாசனை! ஆனா என்ன பிரயோசனம்? பழம் மேல இருக்கு, சந்தை கீழ இருக்கு. நடுவுல பாம்பு சுருண்டு படுத்த மாதிரி வளைவு வளைவா ரோடு. கீழ இருந்து வந்துட்டிருந்த லாரிக்காரன், "இந்த வளைவுல எனக்கு முதுகெலும்பு போச்சு, ஆளை விடு"ன்னு ஒரு நாள் வராமயே நின்னுட்டான். போன வருசம் பழமெல்லாம் மரத்துலயே வெடிச்சு, ஈ மொய்ச்சுக் கெடந்துச்சு. பாவாயி தோப்புக்குள்ள நின்னு அழுதா. "இந்த வருசமும் அழுகுச்சுன்னா தோப்பை அடுத்தவன் கைக்குக் குத்தகைக்கு விட்டுட்டு செங்கல் சூளைக்குத்தான் போகணும்"னு நெனச்சு நெனச்சு அழுதா.

அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. எந்திரிச்சா. "யாரு வண்டியையும் நம்பி இனி நான் இல்ல. நானே ஒரு டீசல் வண்டி வாங்குறேன்"னுட்டா. பின்னாடி தொட்டி வச்ச பிக்கப் வண்டி. ஊரு டிராக்டரை ஓட்டிப் பழகுனவதானே, அவளுக்கு என்ன பயம்? ஆனா ஒண்ணு, அவளால ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பான வண்டி வந்து சேர்ந்துச்சுன்னா தோப்பும் போச்சு, எல்லாம் போச்சு.

ம்.

அப்போ சேதி கேட்டு ரெண்டு பேரு வண்டியோட மலையேறி வந்தாங்க, "எங்க வண்டியை வாங்கிக்க"ன்னு. ஒருத்தன் துரைமாணிக்கம். வயசுப் பய. அவன் வண்டி பளபளன்னு கருப்பு. பேரு கருடன். இன்னொருத்தரு அர்த்தநாரி. மீசை நரைச்ச ஆளு. அவரு வண்டி மஞ்ச நிறம். அதுக்கு அவரு ஒண்ணும் பேரு வைக்கல, ஊருக்காரங்கதான் மஞ்சக்கிழங்குன்னு வச்சாங்க. ரெண்டு பேரும் மாமன் மச்சான். ஆனா வண்டிப் பேச்சு வந்துட்டா கீரியும் பாம்பும்தான்.

"பாவாயிக்கா, என் கருடன்ல டர்போ இருக்கு. காத்தா பறக்கும்!"

"பறக்கிறதுக்கு இது என்ன பட்டமா? என் எஞ்சின் பெரிய எஞ்சின் தாயி. மெதுவா இழுக்கும், ஆனா விடாது."

"பெரிம்மா, டர்போன்னா?"

டர்போன்னா கண்ணு, நத்தை மாதிரி சுருண்ட ஒரு இரும்பு. அதுக்குள்ள ஒரு பம்பரம் சுத்தும். சுத்திச் சுத்தி எஞ்சினுக்குக் காத்து ஊதும். அடுப்புல ஊதாங்குழல் வச்சு ஊதினா தீ எப்படி குப்புன்னு எரியும்? அந்த மாதிரி. ஆனா பம்பரம் வேகம் பிடிக்கணும், அப்பத்தான் காத்து. மஞ்சக்கிழங்குக்கு அதெல்லாம் கெடையாது. அது சும்மாவே பெரிய வயிறு, நாலு வாய் சாப்பிட்டா நாலு வாய் வேலை செய்யும்.

அப்போ துரைமாணிக்கம் சொன்னான், "பேச்சு எதுக்கு? சுமை ஏத்தி அடிவாரத்துல இருந்து மேல வரட்டும். யாரு முன்னாடி?" சரின்னு அடிவாரத்துக்கு இறங்கிப் போயி ரெண்டு வண்டியிலயும் சிமெண்டு மூட்டையை அடுக்குனாங்க. கருடன் கெளம்புச்சு பாரு, "உய்ய்ய்ய்ங்!" ஒரு வளைவு, ரெண்டு வளைவு, குரங்கெல்லாம் சுவத்து மேல இருந்து தெறிச்சு ஓடுது. மஞ்சக்கிழங்கு பின்னாடி "டுக்கு டுக்கு டுக்கு டுக்கு"ன்னு கறுப்புப் புகையை விட்டுக்கிட்டு வருது. கருடன் மேல வந்து, துரைமாணிக்கம் டீ குடிச்சு, டம்ளரையும் கழுவி வச்சுட்டான். அப்புறம்தான் மஞ்சக்கிழங்கு தலையே தெரிஞ்சுது. மொத சோதனை யாருக்கு?

"கருடனுக்கு."

ஆமா. என்ன மூஞ்சி வாடுது? கதைன்னா கெழட்டு வண்டிதான் ஜெயிக்கணும்னு சட்டமா? கருடன் நல்ல வண்டிதான். ஜெயிச்சுது.

அப்போ அர்த்தநாரி மீசையைத் தடவிக்கிட்டு, "ஓடுற வண்டி ஓடத்தான் செய்யும். செங்குத்து மேட்டுல நிறுத்தி, நின்ன எடத்துல இருந்து எடுக்கச் சொல்லு தாயி"ன்னாரு. கோயிலுக்குப் பின்னாடி ஒரு மேடு, ஆடு கூட யோசிச்சுத்தான் ஏறும். அங்க நிறுத்துனாங்க. கருடன் "உர்ர்... உர்ர்ர்..."ங்குது, பம்பரத்துக்கு வேகம் பத்தல, சக்கரம் "சர்ர்ர்"னு மண்ணை வாரி அடிக்குது, வண்டி பின்னாடி வழுக்குது. சனமெல்லாம் "ஐயோ ஐயோ"ன்னு ஓடுது. மஞ்சக்கிழங்கு? "டுக்... டுக்... டுக்..." மெதுவா, அலட்டிக்காம, ஏறிப் போயிருச்சு. ரெண்டாவது சோதனை அர்த்தநாரிக்கு.

அப்போ ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் பாவாயி மூஞ்சியைப் பாக்கிறாங்க. அவ சிரிச்சா.

"ஏனுங்க, என் பழம் எந்தப் பக்கம் போகுது?"

"கீழ."

"திரும்பி மேல வரும்போது வண்டியில என்ன இருக்கும்?"

துரைமாணிக்கம் தலையைச் சொறிஞ்சான். "ஒண்ணும் இருக்காது. காலி."

"அப்ப காலையில இருந்து ரெண்டு பேரும் எனக்கு எதுக்கு ஏத்தமே காட்டிக்கிட்டு இருக்கீங்க?"

ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. பாவாயி சொன்னா, "தலையில பலாவை வச்சுக்கிட்டு மலை இறங்குனவ நான். ஏத்தத்துல மூச்சு இருந்தாப் போதும். இறக்கத்துல முட்டி வேணும். முட்டி புடிச்சு நிறுத்தலேன்னா சுமையே நம்மளத் தள்ளிட்டுப் போயிரும். மூட்டையை இறக்கிட்டு என் பழத்தை ஏத்துங்க. மூணாவது சோதனை என்னோடது."

ம்.

ரெண்டு வண்டி நெறையப் பலாப்பழம். கருடன் முன்னாடி, மஞ்சக்கிழங்கு பின்னாடி. பாவாயி மொதல்ல கருடன்ல உக்காந்தா. மொத வளைவு திரும்புனதும் துரைமாணிக்கம் கியரை "டக்"குன்னு நியூட்ரல்ல தள்ளிட்டான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இனி பேச்சுவார்த்தையே கெடையாது, வண்டி தானா உருளுது.

"ஏன் தம்பி?"

"இறக்கத்துல எதுக்குக்கா டீசல் செலவு? மைலேஜ் பாருங்க, மைலேஜ்!"

வண்டி உருளுது, இவன் பிரேக்கை மிதிக்கிறான். உருளுது, மிதிக்கிறான். பாதி மலை வர்றதுக்குள்ள காஞ்ச தோசைக்கல்லு மாதிரி ஒரு வாடை. சக்கரத்துக்கிட்ட இருந்து புகை. "நிறுத்துடா!"ன்னா பாவாயி. நிறுத்துனான். "இங்கயே நில்லு, ஆறட்டும்"னு சொல்லிட்டு, பின்னாடி வந்த மஞ்சக்கிழங்குல ஏறிக்கிட்டா.

அர்த்தநாரிக்குச் சந்தோசம் தாங்கல. மச்சானை விட மைலேஜ் காட்டணுமே! பெரிய மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? நியூட்ரல்ல போட்டது பத்தாதுன்னு, சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைச்சுட்டாரு. டுக்கு டுக்கு நின்னு போச்சு. காத்துச் சத்தம் மட்டும், "ஸ்ஸ்ஸ்ஸ்"...

என்ன, ம் காணோம்? எந்திரிச்சே உக்காந்துட்டியா? சரி, பெரிம்மா கையைப் பிடிச்சுக்க.

எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக்குக்குப் பலம் கண்ணு. ரெண்டு மிதி மிதிச்சாரு, மூணாவது மிதியில பிரேக்கு கல்லாயிருச்சு. மிதிக்கிறாரு, எறங்கல. வண்டி வேகம் பிடிக்குது. வளைவு வருது. பின்னாடி பலாப்பழம் "தொம், தொம்"னு உருண்டு வந்து முதுகுப் பக்கம் முட்டுது. அர்த்தநாரி, "முருகா! முருகா!"ங்கிறாரு. பாவாயிக்கும் பயம் வந்துச்சு. வராதா பின்ன? ஆனா அவளுக்குத் தலையில சுமையோட இறங்குற ஞாபகம். வண்டிக்கு முட்டி எங்க? எஞ்சின்தானே முட்டி! இந்த மனுசன் முட்டியைக் கழட்டி வச்சுட்டு ஓடுறாரே!

"அண்ணா! சாவியைத் திருப்பு! மூணுல போட்டுக் கிளச்சை விடு!"

திருப்புனாரு. போட்டாரு. விட்டாரு.

"டுர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

வண்டி ஒரு உலுக்கு உலுக்குச்சு பாரு, பல்லெல்லாம் ஆடிப் போச்சு. தூங்கிக் கெடந்த எஞ்சின் முழிச்சுக்கிட்டு, சக்கரத்தை இறுக்கிப் பிடிச்சுது. "இப்ப ரெண்டு!"ன்னா பாவாயி. ரெண்டுல போட்டாரு. டுர்ர்ர்... டுக்கு... டுக்கு... டுக்... இப்ப பிரேக்கும் எறங்குச்சு, வளைவுச் சுவத்துக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு வண்டி.

அர்த்தநாரி கண்ணுல தண்ணி. பாவாயி, "அந்தப் பக்கம் நகருங்க அண்ணா"ன்னு சொல்லிட்டு, தானே உக்காந்து, ரெண்டாவது கியர்லயே அடிவாரம் வரைக்கும் இறக்குனா. பிரேக்கைத் தொட்டாளா? எப்பவோ ஒண்ணு ரெண்டு தடவை. அப்புறம் மலையேறுன பஸ்ஸுல தொத்தி மேல போயி, ஆறி நின்ன கருடனையும் அதே ரெண்டாவது கியர்ல தானே இறக்கிப் பாத்தா. நியாயம்னா நியாயம்தானே? அதுவும் புடிச்சுது. ஆனா சின்ன எஞ்சின்தானே, அவ்வளவு புடிக்கல. வளைவுக்கு வளைவு அவ கால் பிரேக்குக்குப் போச்சு.

கீழ வந்து நின்னு சொன்னா, "மஞ்சக்கிழங்குதான் எனக்கு."

"அக்கா, என் வண்டியில குதிரைசக்தி கூடக்கா!"

"கூடத்தான். ஏத்தத்துல சரக்கு கொண்டு போறவங்களுக்குக் குடு தம்பி, கும்பிட்டு வாங்கிக்குவாங்க. என் பலாவுக்குக் குதிரை வேண்டாம், கடிவாளம் வேணும்."

அர்த்தநாரி தலை நிமிரல. "நான்தான் தாயி அதை அணைச்சுப் போட்டேன்..."

"அணைச்சது நீங்க. ஆனா கூப்பிட்டதும் எந்திரிச்சு வந்து நம்ம உசுரைப் பிடிச்சுது பாருங்க, அது இந்த வண்டி."

அன்னைக்குப் பழம் முழுசாச் சந்தைக்குப் போச்சு. உருண்டதுல ஒண்ணே ஒண்ணு வெடிச்சிருந்துச்சு. அதை மூணு பேரும் அடிவாரத்துல உக்காந்து தின்னாங்க. மாமனும் மச்சானும் ஒரே பழத்துல கையை விட்டுச் சுளை எடுத்தாங்க, அது ஊருக்கே அதிசயம். தோப்பு பாவாயிக்கிட்டயே இருந்துச்சு. இன்னைக்கும் இருக்கு. மத்தவங்க வண்டிக்குப் பின்னாடி சாமி பேரு, புள்ளை பேரு எழுதுவாங்க. பாவாயி என்ன எழுதுனா தெரியுமா? "முட்டி பத்திரம்." ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம், இந்தம்மாவுக்கு முட்டி வலி போலன்னு நெனச்சுக்கிட்டுப் போவான்.

ம்ம்...

கண்ணு சொக்குதா? சரி. பழம் சந்தை சேர்ந்தாச்சு, வண்டி நெழல்ல நின்னாச்சு, கதைக்கும் சாவியைக் கழட்டியாச்சு. காலையில ஒரு தடவைதான் கூப்பிடுவேன், மஞ்சக்கிழங்கு மாதிரி டுர்ர்னு எந்திரிக்கணும். இப்ப பாயில இறக்கமும் இல்ல, ஏத்தமும் இல்ல. நீ நியூட்ரல்ல போ சாமி.