நாலு கண் உள்ள புழு

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தபோது அரங்கநாதன் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"கிடைச்சிருச்சு மேடம். நாலு கண்ணு. முட்டை போடுற இனம்தான்."

வாஹிதா மேடம் கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்படியா" என்றார்.

மேடத்தைவிட அரங்கநாதனுக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். வங்கி வேலையை விட்டுவிட்டு மீன் நோய் படிக்க வந்தவர். அணையோரத்து அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை சார் என்பார்கள். மேடமும் அப்படித்தான் கூப்பிடுவார். தான் மாணவன் என்பதை அரங்கநாதனே அவ்வப்போது மறந்துபோவார்.

வாசலில் நாச்சிமுத்து காத்திருந்தார். அவர் குளத்துக் கட்லா மீன்கள் சில நாளாகக் கரையில் உடம்பைத் தேய்க்கின்றன. வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நிற்கின்றன. சிலவற்றை உயிரோடு டிரம்மில் கொண்டுவந்திருந்தார்.

"குனிஞ்ச தலை நிமிரலீங்களே சார். பொண்ணு பாக்கப் போனவன்கூட இத்தன நேரம் பாக்கமாட்டானுங்க."

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார் அரங்கநாதன். "ரெண்டு தடவை மருந்து ஊத்தணும்."

நாச்சிமுத்துவின் சிரிப்பு நின்றது.

"ஒரு தடவைன்னா தாங்குமுங்க. இப்ப இருக்கிற நெலமைல ரெண்டாவது ஊத்துனா மொத்தக் குளமும் மல்லாந்துருமுங்க."

அரங்கநாதனுக்கும் அது தெரியும். ஆனால் செவுளில் ஒட்டும் இந்தத் தட்டைப்புழுவில் இரண்டு வகை. ஒன்று குட்டி போடும். அதற்குக் கண் கிடையாது. ஒரு தடவை மருந்தில் ஒழிந்துவிடும். இன்னொன்று முட்டை போடும். அதற்குத் தலையில் நாலு கரும்புள்ளி, கண்கள். மருந்து அதன் முட்டையைத் தொடாது. பொரிந்து வந்த பிறகு மறுபடி ஊற்றித்தான் ஆக வேண்டும்.

"புழு ஆடலையா?" மேடம் கேட்டார்.

"ஆடுச்சு மேடம். நெளிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படிப் பாக்கறது? ஒரு சொட்டு ஃபார்மலின் விட்டேன். இப்ப சமத்தா இருக்கு."

"கண்ணு வைக்கிற கண்ணாடி?"

"வேர்வை பட்டு மங்கிடுச்சு. துண்டால துடைச்சேன்."

"மறுபடி பாருங்க சார்."

பார்த்தார். புழு அப்படியே கிடந்தது. தலையில் நாலு புள்ளி, சந்தேகமே இல்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் மேடத்தின் கை வந்தது. இரண்டு விரலால், கண் வைக்கும் கண்ணாடிக் குழலை மெல்லத் திருப்பியது.

புழு அசையவில்லை. அதன் கண்கள் மட்டும் கிளம்பின. தலையை விட்டு இறங்கி, பிராகாரம் சுற்றுவதுபோல் உடம்பை வலம் வந்து, வாலருகே போய் நின்றன.

அரங்கநாதன் தன் கையாலும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"என்னாச்சுங்க சார்?" நாச்சிமுத்து எட்டிப்பார்த்தார்.

"கண்ணு ஊர்வலம் போகுதுய்யா" என்றார் அரங்கநாதன் குரல் இறங்கி. "கண்ணாடில ஒட்டுன என் துண்டுத் தூசி."

"நாலுதானா?" என்றார் மேடம்.

எண்ணினார். "ஏழு இருக்கு மேடம்."

"அப்புறம்?"

"நாலு வேணும்னு பாத்தேன்."

மேடம் அடுத்த மீனை எடுத்து மேஜையில் வைத்தார்.

இந்தத் தடவை அரங்கநாதன் கண்ணாடியை அதற்குரிய தாளால் துடைத்தார். ஃபார்மலின் பாட்டிலைத் தொடவில்லை. செவுளில் ஒரு துணுக்கை வெட்டி, குளத்துத் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்தார். புழு கொக்கியால் பின்பக்கத்தை ஊன்றிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் வீசியது. அவர் கையும் அதன் பின்னால் போயிற்று. புழு தலையை நீட்டும், அவர் நெருங்குவார், அது சுருங்கிவிடும். நேரம் போவது தெரியவில்லை. அது நன்றாக நீண்ட ஒரு கணத்தில் தலையில் புள்ளியே இல்லை. ஆனால் வயிற்றின் நடுவே வேறொன்று. இன்னொரு ஜோடி கொக்கி.

"மேடம்! உள்ளே ஒரு குட்டி இருக்கு! பிறக்கறதுக்கு முன்னாடியே அதுக்கும் கொக்கி!"

மற்ற மீன்களிலும் அதுவேதான். குட்டி போடும் இனம்.

மேடம் வந்தார். குனிந்து கண்ணை வைத்தார். பார்த்தபடியே கண்ணாடிக் குழலை ஒரு சுற்றுத் திருப்பினார். நிதானமாகப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு தடவை போதுங்க."

நாச்சிமுத்து தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டார். மருந்தின் அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "அடுத்த வாட்டி துண்ட நான் புதுசா வாங்கித் தர்றனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரங்கநாதன் சிரித்தார். மனத்தில் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் சுத்தமாத் துடைச்சிருந்தேனே மேடம். நீங்களும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க. அப்புறமும் ஏன் திருப்பிப் பாத்தீங்க?"

மேடம் மறுபடி கத்தரிக்கோலைக் கழுவத் தொடங்கியிருந்தார்.

"பாத்தது நானும்தானே சார். எனக்கு வேணுங்கறதை என் கண்ணும் காட்டாதா?"