கேட்காமல் கொடுத்த மருந்து

முன்னொரு காலத்தில் செம்பியன்காட்டை மாறவேள் என்ற அரசர் ஆண்டு வந்தார். அவருக்கு முழங்கால் வலித்தால்தான் அந்த நாட்டில் நீதி எழுந்து நடக்கும்.

சாத்தையன் என்ற வைத்தியர், கருவுற்றிருந்த பூவாயிக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கடும் பேதி மருந்து கொடுத்துவிட்டார். தாயும் வயிற்றுப் பிள்ளையும் இறந்தார்கள். வைத்தியம் பார்க்கத் தடை. தர்மசாலையில் மருந்து அரைக்கும் வேலை. மூன்று ஆண்டுத் தண்டனை முடிந்ததும், மீண்டும் அனுமதி கேட்டு அவர் எழுதிய ஓலை ஓராண்டு பிரிக்கப்படாமலே கிடந்தது; அவரும் அம்மியடியிலேயே இருந்தார். அரசரின் முழங்கால் வீங்கியதும் பிரித்தார்கள்.

“சாத்தையன் எண்ணெய் போட்டால் வலி பறந்துவிடும். இன்றே அனுமதி கொடுங்கள்!” என்றார் அரசர்.

அரண்மனை வைத்தியர் பஞ்சநதம் பதறினார். “அந்தக் கொலைகாரன் கையிலா மகாராஜா உங்கள் கால்? முதலில் நூறு மருத்துவப் பாட்டு ஒப்பிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்!”

“பாட்டு அன்றைக்கும் அவருக்குத் தெரியும் ஐயா. பூவாயிக்கு அது உதவவில்லை,” என்றார் அமைச்சர் நல்லசிவம். பிறகு அரசர் காதில் ஏதோ சொன்னார். நடிப்பென்றால் அரசருக்குக் கொள்ளை ஆசை.

மறுநாள் சபைக்குச் சாத்தையனோடு பூவாயியின் கணவன் வேலப்பனையும் அழைத்திருந்தார்கள். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். “ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது! உடனே மருந்து!”

பஞ்சநதம் முந்திக்கொண்டார். “கேள்வி எதற்கு? முகத்திலேயே தெரிகிறதே, பித்தம்!” குளிகையை நீட்டினார்.

சாத்தையன் மெல்லக் கேட்டார்: “காலையில் என்ன சாப்பிட்டீர்கள் மகாராஜா?”

“கேட்காதே என்றேனே! இன்னொரு தடவை கேட்டால் ஆயுளுக்கும் நீ மருந்துப் பையைத் தொட முடியாது!”

சாத்தையன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

“அப்படியானால் இது இங்கேயே இருக்கட்டும். கேட்காமல் கொடுக்க மாட்டேன்.”

அரசர் எழுந்து சிரித்தார். “எனக்கு வயிற்றுவலியே இல்லையப்பா!”

அமைச்சர் பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். “இல்லாத பித்தத்துக்குக் குளிகை! நீங்களே விழுங்குங்களேன்?”

“ஐயோ, குடலையே கழுவிவிடுமே!” என்று அதை மடியில் செருகிக்கொண்டார் பஞ்சநதம். சபை கொல்லென்று சிரித்தது.

“தர்மசாலையில் அம்மி காலியாகிவிட்டது. நீர் போய் அரையும்!” என்றார் அரசர். தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார்; பையைச் சாத்தையனிடம் கொடுத்தார். “வேலப்பா, உனக்குத் திருப்திதானே?”

“திருந்திவிட்டார் மகாராஜா. என் மூத்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் இவரிடமே அனுப்புவேன். ஆனால் நான் அவளோடு வர மாட்டேன். இவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும், அன்றைக்குக் கேட்காததாகத்தான் என் காதில் விழும்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அரசர் மட்டும் காலை நீட்டினார். “சரி, எண்ணெயைக் கொண்டு வா.”

சாத்தையன் குனிந்தார். “எப்போதிலிருந்து வலிக்கிறது மகாராஜா?”

வேலப்பன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.